கம்பளி இல்லாத தராசு

நீலாவதியின் கைகள் செல்லம்மாவின் குழந்தையைத் தராசுத் தட்டில் கிடத்தின. ரிங்லெட் என்னும் மலையூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியில் அவர் ஆயா. நான் உடன் வேலை பார்த்தவள். அது 1981.

ஒரே வாரத்தில் குழந்தையின் எடை நானூறு கிராம் குறைந்திருந்தது. மலையடிவாரத்துத் தாப்பா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப, தோட்டத்தில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் சீட்டு எழுதத் தொடங்கினார். செல்லம்மா அழுதாள்.

“இருங்கய்யா. கன்னம் அப்படியே இருக்கு, எடை மட்டும் எங்கலா போச்சு?” என்றார் நீலாவதி.

குழந்தையை எடுத்துவிட்டுத் தட்டில் ஒரு கிலோ சீனிப் பொட்டலத்தை வைத்தார். முள் அறுநூறு கிராமைக் காட்டியது. குளிருக்காகத் தட்டில் கம்பளி விரித்து, அதோடு சேர்த்தே முள்ளைப் பூஜ்யத்தில் வைப்பது எங்கள் வழக்கம். அன்று கம்பளி துவைக்கப் போயிருந்தது. டிரஸ்ஸரும் நானும் கவனிக்கவில்லை; மூன்றாம் வகுப்பு படித்த நீலாவதி கவனித்தார். திருகைத் திருப்பிச் சரிசெய்தார். குழந்தையின் எடை குறையவே இல்லை.

மறுநாள் காலை தராசைச் சுமந்து தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயன் லயனாகப் போய், முன்தினம் கம்பளி இல்லாமல் நிறுத்த மற்ற ஆறு குழந்தைகளையும் மீண்டும் நிறுத்தார்.