சாம்பியன் லேபிள்

எங்கள் வீட்டுப் பீரோவின் உட்கதவில் ஒரு பட்டாசு லேபிள் ஒட்டியிருக்கிறது. அதில் என் மாமா அந்தரத்தில் நிற்கிறார். வலது கை பந்துக்கு மேலே ஓங்கியிருக்கிறது, வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது. பின்னால் தங்க நிறத்தில் ஒரு கோப்பை, மாமாவைவிடப் பெரியது. சுற்றிலும் நட்சத்திரங்கள், மேலே கொட்டை எழுத்தில் ‘சாம்பியன்’. உண்மையில் அந்தக் கோப்பையை மாமா தொட்டதே இல்லை. வேறு டீம் அதைத் தூக்கிக்கொண்டு போவதைத்தான் பார்த்தார். ஆனாலும் அந்த வருஷத் தீபாவளிக்கு வடநாட்டில் எத்தனையோ வீடுகளில் அவர் சாம்பியனாகத்தான் போய் இறங்கினார்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. எங்களோடுதான் இருந்தார். சாத்தூரின் கடைசித் தெருவில் எங்கள் வீடு. ஏழாயிரம்பண்ணை போகும் சாலையில் இருந்த ஒரு பட்டாசுக் கம்பெனியில் மாமாவுக்கு வேலை. வேலை என்றால் வாலிபால் விளையாடுவது. காலையில் மற்றவர்களோடு கம்பெனி வேனில் போவார், ஆஜர் போடுவார், டீ குடிப்பார், பிறகு பின்னால் இருந்த மைதானத்துக்குப் போய்விடுவார். மற்றவர்கள் திரி வைக்கவும் பாக்கெட் போடவும் உட்காரும்போது இவர் பந்தைத் தட்டிக்கொண்டிருப்பார். சனிக்கிழமை எல்லோரோடும் வரிசையில் நின்று சம்பளம் வாங்குவார். அந்தக் கம்பெனி முதலாளிக்கு வாலிபால் பைத்தியம். அவரைப் போல இன்னும் சில முதலாளிகளும் ஆளுக்கொரு டீம் வைத்திருந்தார்கள்.

அதே கம்பெனியில் அம்மா வெடிப்பெட்டிகளில் லேபிள் ஒட்டினாள். தினமும் ஒரு முட்டை பொரித்து மாமாவின் தட்டில் வைப்பாள். வீட்டுக்கு ஒரு முட்டைதான். விளையாடுகிற உடம்புக்குச் சத்து வேண்டும் என்பது அவள் கணக்கு. அப்பா சாத்தூரில் ஓர் அச்சகத்தில் மிஷின் ஓட்டினார். தன் தட்டில் இருக்கும் ஊறுகாயைப் பார்த்துவிட்டு, “மாப்ளே, நாளைக்கு எனக்கும் ஒரு பந்து குடுங்க. நானும் தட்டிப் பாக்கேன், முட்டை வருதான்னு” என்பார். மாமா சிரித்துக்கொண்டே சாப்பிடுவார். அப்பாவின் கிண்டலில் எனக்கு மட்டும் கோபம் வரும். பொறாமை பிடித்த மனிதர் என்று நினைத்துக்கொள்வேன்.

பொங்கல் கழிந்ததும் சீசன் தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஏதாவது ஓர் ஊரில் ஆட்டம். ஒரு வாரம் கோவில்பட்டி, ஒரு வாரம் ஏழாயிரம்பண்ணை, ஒரு வாரம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானம். வெயில் ஏற ஏற ஆட்டமும் சூடு பிடிக்கும், சித்திரைக் கடைசியில் இறுதி ஆட்டம். வெளியூர் ஆட்டங்களுக்கு எங்களைக் கூட்டிப்போக மாட்டார்கள். ஆனால் முடிவு தெரிந்துவிடும். ஜெயித்தால் வேன் ஊருக்குள் நுழையும்போதே ஒரு சரத்தைக் கொளுத்தி ரோட்டில் போடுவார்கள். கம்பெனியில் கழித்துப்போட்ட நமத்த சரம்தான், பாதி வெடிக்கும், பாதி புகையும். தீபாவளிக்குக்கூட எங்கள் தெருவில் அவ்வளவு சத்தம் கேட்காது. வருஷம் முழுக்க வெடியோடு மாரடிப்பவர்களுக்குத் தீபாவளியன்று தூங்கினால் போதும் என்றிருக்கும். அதனால் எனக்கு வெடிச்சத்தம் என்றால் மாமா ஜெயித்துவிட்டார் என்று அர்த்தம்.

நான் நாலாம் வகுப்பு படித்த வருஷம் சீசன் மோசமாக ஆரம்பித்தது. தை மாதம் முழுக்கச் சத்தமே இல்லாமல் வேன் வந்தது. முதலாளி மைதானத்துக்கு வந்து எல்லோரையும் நிறுத்திப் பேசினாராம். அதை மாமா வீட்டில் வந்து சொன்னார்.

“இந்த வருசமும் கப்பு வரலேன்னா டீம் கெடயாதாம்க்கா. மருந்து ரூம்ல ஆள் பத்தலையாம். எல்லாரும் அங்கன போயிரணுமாம்.”

அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. மருந்து ரூம் என்பது வெடிமருந்தைக் கலந்து குழாய்களில் அடைக்கும் இடம், கம்பெனியின் மற்ற கட்டிடங்களிலிருந்து தள்ளி வேப்பமரத்துக்கு அப்பால் தனியாக நிற்கும். ஏன் தள்ளி நிற்கிறது என்று எங்கள் பக்கத்தில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. அம்மாவின் அப்பா அந்த மாதிரி ஒரு அறைக்குள் போய்த்தான் திரும்பி வராமல் போனார். அப்போது மாமா கைக்குழந்தை. எனக்குத் தாத்தா என்றால் சுவரில் மாலை போட்ட ஒரு போட்டோ, அவ்வளவுதான். அதனால் அம்மா ஏன் அப்படி உட்கார்ந்திருந்தாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. அன்று சாயங்காலம் இருக்கன்குடி மாரியம்மனுக்கு ஒரு ரூபாய் முடிந்துவைத்தாள். கப்பு வேண்டும் என்று வேண்டியிருக்கிறாள், அம்மாவுக்கும் ஆட்டத்தில் இவ்வளவு பிரியமா என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

அம்மன் காது கொடுத்தாளோ என்னவோ, மாசியிலிருந்து வேன் வெடித்துக்கொண்டே வந்தது. பங்குனியில் தொடர்ந்து எல்லா ஞாயிறும் சரம். மாமா அடிக்கிற ஷாட்டை எடுக்க ஆளில்லை என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. போட்டோகிராபரைக் கூட்டிவந்து மாமாவைத் திரும்பத் திரும்பக் குதிக்கச்சொல்லிப் படம் எடுத்தார். அந்த வருஷ வெடிப்பெட்டிக்கு அதுதான் லேபிள் என்றார். படம் அப்பாவின் அச்சகத்துக்குத்தான் போனது. அங்கே இருந்த ஆர்ட்டிஸ்ட் கோப்பை, நட்சத்திரம் எல்லாம் சேர்த்துவிட்டார். மாதிரித் தாளில் முதலாளி கையெழுத்தும் போட்டுவிட்டார். ஆனால் வாயால் ஒரு உத்தரவு சொல்லியிருந்தார். இறுதி ஆட்டம் முடியட்டும், ஜெயித்தால் இதை ஓட்டு, தோற்றால் பழைய கிளி லேபிளையே ஓட்டு. இரண்டுக்கும் பிளேட் தயாராக இருந்தது.

அப்பாவைப் பற்றி இங்கே ஒன்று சொல்லவேண்டும். கல்யாணப் பத்திரிகையில் மாப்பிள்ளைக்குப் படிப்புப் போட்டிருப்பதைக்கூட ஆள் விட்டுக் கேட்டுவிட்டுத்தான் மிஷினை ஓட்டுவார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். “ஒங்கப்பாவோட சினிமாவுக்குப் போனா படம் போட்டப்பெறகுதான் போய்ச் சேரணும்” என்று அம்மா சொல்வாள்.

அரையிறுதியில் ஜெயித்தோம். வேன் வெடித்துக்கொண்டே வந்தது, ஆனால் மாமா இறங்கியபோது காலை இழுத்தார். கடைசி ஷாட்டுக்குக் குதித்து இறங்கும்போது முழங்கால் திரும்பிவிட்டது. முதலாளிக்குத் தெரிந்தால் உட்காரவைத்துவிடுவார் என்று யாரிடமும் சொல்லவில்லை. அந்த வாரம் முழுக்க அம்மா பத்துப் போட்டாள். வீடெல்லாம் மஞ்சளும் நல்லெண்ணெயுமாக மணந்தது.

இறுதி ஆட்டத்துக்கு முந்திய நாள் சனிக்கிழமை. மத்தியானம் சாப்பிட வந்த அப்பா கையைக்கூடக் கழுவாமல் மாமாவின் முன்னால் உட்கார்ந்து முழங்கால் கட்டை அவிழ்த்தார்.

“மாப்ளே, குத்தவச்சு எந்திரிங்க பாப்போம்.”

மாமா குந்தினார். எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்தார்.

“செவத்தப் பிடிக்காம.”

மாமாவால் முடியவில்லை. “நாளைக்குச் சரியாயிரும் மச்சான்” என்றார். அப்பா கிண்டல் ஏதும் பண்ணவில்லை. கட்டை மறுபடி சுற்றிவிட்டு அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். சாப்பிட்டு முடித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தார். சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அச்சகத்தில் வேலை கிடையாது. எங்கே என்று கேட்டதற்கு, “கொஞ்சம் வேலை பாக்கி கெடக்கு” என்றார்.

மறுநாள் விடிந்த பிறகுதான் வந்தார். பல் விளக்கும்போது பார்த்தேன், நகக்கண்ணெல்லாம் தங்க மை. கிளிக்குப் பச்சையும் சிவப்பும்தான் உண்டு. தங்கம் கோப்பைக்கு. எனக்கு அது நல்ல சகுனமாகத் தெரிந்தது.

“அப்பா, மாமா செயிச்சிருவாகள்ல?”

“தோத்தாலும் ஒண்ணும் மோசமில்லை, போ.”

அன்று பூராவும் நான் அவரோடு பேசவில்லை.

இறுதி ஆட்டம் கோவில்பட்டியில். சாயங்காலம் தெருமுனையில் பிள்ளைகள் எல்லாம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். வேன் வந்தது. ஒரு ஊசிவெடிகூட வெடிக்கவில்லை. மாமாவை இரண்டு பேர் தாங்கி இறக்கினார்கள். முதல் செட்டிலேயே முழங்கால் கைவிட்டுவிட்டதாம், அப்படியும் கடைசிவரை நின்றிருக்கிறார். அம்மா வாசலில் நின்று பார்த்துவிட்டு வெந்நீர் வைக்க உள்ளே போய்விட்டாள். நான்தான் அழுதேன். மாமா என் தலையில் கைவைத்து, “எதுக்கு மருமகளே அழுற, அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்” என்றார். அடுத்த வருஷம் டீமே இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

திங்கட்கிழமை அச்சகத்தில் சாமியாடாத குறை. கட்டுக் கட்டாக வெட்டி அடுக்கிய லேபிள்கள், எல்லாவற்றிலும் மாமா குதித்துக்கொண்டு நிற்கிறார். கிளியைக் காணோம். கிளிக்கு வாங்கிவைத்த தாளெல்லாம் தீர்ந்துவிட்டது. அச்சக முதலாளி அப்பாவைப் பேசாத பேச்சில்லையாம். சாயங்காலம் பட்டாசு முதலாளியே எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். கையில் ஒரு லேபிள். நாற்காலி போட்டும் உட்காரவில்லை.

“ஏம்ப்பா, இம்புட்டு வருசமா மிஷின் ஓட்டுறியே, எதை எப்ப ஓட்டணும்னு தெரியாதா?”

அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். “தாள்ல ஒங்க கையெழுத்து இருந்துச்சு மொதலாளி. ஓட்டச் சொல்லீட்டீகன்னு நெனச்சுட்டேன்.”

“நெனச்சுட்டாராம்ல. தோத்த பயல சாம்பியன்னு போட்டு எப்படிய்யா விக்கிறது?”

மாமா கட்டிலிலிருந்து எழுந்திருக்கப் பார்த்து முடியாமல் தலையைக் குனிந்தார். அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. முதலாளி முன்னால் அம்மா வாய் திறந்து நான் அதுவரை கேட்டதில்லை.

“வடக்க பெட்டிய வாங்குறவுகளுக்கு நாம செயிச்சோமா தோத்தோமான்னு தெரியவா போகுது மொதலாளி? படம் நல்லாருந்தா வாங்கப் போறாக.”

முதலாளி லேபிளைத் தூரப் பிடித்துப் பார்த்தார், கிட்டே பிடித்துப் பார்த்தார். படம் நன்றாகத்தான் இருந்தது.

“ஏவாரிக கம்பெனியப் பாக்க வருவாங்கெ. இந்த ஆள் எங்கனய்யா, எந்த டீமுன்னு கேப்பாங்கெ. மருந்து ரூம்ல இருக்கான்னா சொல்ல முடியும்?” அவர் தனக்குத்தானே பேசிக்கொண்டது போல இருந்தது. கடைசியில் மாமாவிடம் திரும்பி, “காலப் பாரு மொதல்ல” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

டீம் கலையவில்லை. லேபிளில் இருக்கிற ஆளை மருந்து அள்ளச் சொல்ல முடியாமல் முதலாளி இன்னொரு சீசன் டீமை வைத்திருந்தார். அந்த வருஷம் முழுக்க அம்மா தன் தம்பியைப் பெட்டி பெட்டியாக ஒட்டினாள். பெட்டிகள் நன்றாக விற்றன என்றும் சொன்னார்கள். மாமாவின் முழங்கால் பழையபடி ஆகவில்லை. ஆனால் கிடைத்த அந்த ஒரு வருஷத்தில் வேன் ஓட்டக் கற்றுக்கொண்டு கம்பெனி வேனுக்கே டிரைவர் ஆகிவிட்டார். வேப்பமரத்துக்கு அப்பால் அவர் ஒரு நாளும் போகவில்லை. இன்றைக்கும் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார், தலை நரைத்துவிட்டது, பிள்ளைகளிடம் தன் ஷாட்டைப் பற்றி அளக்கிறார்.

அப்பாவைத்தான் மிஷினிலிருந்து இறக்கிவிட்டார்கள். தீபாவளி கழியும்வரை கட்டுக் கட்டும் இடத்தில் கீழே உட்கார்ந்து கயிறு சுற்றினார். ஊருக்குள் அவருக்குச் ‘சாம்பியன்’ என்று பெயர் விழுந்தது. டீக்கடையில், “சாம்பியனுக்கு ஒரு டீ” என்பார்கள். அவரும் சிரித்துக்கொண்டே வாங்கிக் குடிப்பார். எனக்கு அவமானமாக இருக்கும். தெருவைக் கடக்கும்போது அவர் விரலைப் பிடிக்காமல் நடப்பேன்.

ஆடிக் கடைசி வெள்ளிக்கு அம்மா எங்களை இருக்கன்குடிக்குக் கூட்டிப்போய் மாவிளக்குப் போட்டாள். கப்பு வரவில்லையே, எதற்கு நேர்த்திக்கடன் என்று கேட்டேன். “கேட்டதக் குடுத்துட்டாள்ல, செய்யணும்” என்றாள். அம்மாவுக்கு ஆட்டம் ஒன்றும் புரியவில்லை என்று முடிவு கட்டினேன்.

பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்க்கிற மனிதர் அப்படி ஒரு தவறைச் செய்யமாட்டார் என்பது எனக்கு உறைக்கப் பல வருஷம் ஆயிற்று. நானும் ஒரு வீட்டைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போகிறவளான பிறகுதான் உறைத்தது. ஒருமுறை அப்பாவிடம் நேராகவே கேட்டேன். “எந்த லேபிளு?” என்று கேட்டுவிட்டுப் பேப்பரைப் புரட்டினார்.

ஆனால் அம்மாவுக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. முதலாளியின் கார் போன அந்தத் திங்கட்கிழமை நாங்கள் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அம்மா முட்டையைப் பொரித்து எடுத்துவந்து, மாமாவைத் தாண்டிப் போய், அப்பாவின் தட்டில் வைத்தாள். மாமா தன் தட்டைப் பார்த்தபடி இருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊரே திட்டுகிற மனிதருக்கு முட்டையா, அதுவும் மாமாவின் முட்டையா?

“அது மாமாவுக்குள்ளது” என்றேன்.

“பேசாமத் தின்னு” என்றாள் அம்மா.

அப்பா அதைப் பிய்த்துப் பாதியை என் தட்டில் போட்டார். நகக்கண்ணில் தங்க மை அப்போதும் போயிருக்கவில்லை. நான் அந்தப் பாதியை எடுத்து, அவர் பார்க்க, மாமாவின் தட்டில் வைத்துவிட்டு, நியாயத்தை நிலைநாட்டிவிட்ட திருப்தியோடு வெறும் சோற்றைச் சாப்பிட்டேன்.