மறுகட்டி கேட்காத ஞாயிற்றுக்கிழமை

சங்கிலி அன்றைக்கு எதிராளியின் கோல் கம்பத்துக்குப் பின்னால் போய் நின்று கைதட்டினார். ஒன்பது வருஷம் ஆகியும் பழங்காநத்தம் கால்பந்து அணியின் பொறுப்பாளர் வெள்ளைத்துரைக்கு அது செரிக்கவில்லை. ஆட்டத்தில் தோற்றதைக்கூட அவர் மறந்துவிட்டார். அணி போட்டியை விட்டே வெளியேறியதையும் ஒருவழியாக ஆற்றிக்கொண்டார். ஆனால் பழங்காநத்தம் அணி எங்கே ஆடினாலும் தொண்டை கிழியக் கத்துகிற மனுஷன், அந்த ஒரு நாள் ஆரப்பாளையத்துக்காரன் பக்கம் நின்றதை மட்டும் அவரால் விழுங்க முடியவில்லை. லேத் பட்டறையில் இரும்பைக் கடைந்துகொண்டிருக்கும்போது திடீரென்று ஞாபகம் வரும். வந்தால், பட்டறையில் யாராவது ஒருத்தர் ஏச்சு வாங்குவது நிச்சயம்.

சங்கிலி வெள்ளையடிக்கிறவர். உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு வானம் பார்த்த ஊர். அப்பன் பாட்டன் காலத்தில் கையகல நிலம் கிடையாது. அடுத்தவர் காட்டில் கூலி வேலைதான். மதுரைக்கு வந்து சுண்ணாம்பு மட்டையையும் வாளியையும் பிடித்தவர், பழங்காநத்தத்தில் பாதிச் சுவர்களை வெளுத்துவிட்டார். சுண்ணாம்பு பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். அந்தக் கையாலேயே போட்டிக்கு முந்தின நாள் மைதானத்தில் கோடு போடுவார், கோல் கம்பத்துக்கு வெள்ளையடிப்பார். யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவர் பந்தை உதைத்து ஒருவரும் பார்த்ததில்லை. ஆனால் ஆட்டக்காரனைப் பார்க்கிற கண் அவருக்கு இருந்தது. கோடையில் கண்மாய் காய்ந்தால் போதும், எந்த ஊர் கண்மாயில் எவன் பந்து ஆடுகிறான் என்று ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போய்க் கரையில் உட்கார்ந்துவிடுவார். அவர் மனைவி சோணையம்மாள், "பொண்ணு பாக்கப் போறவன்கூட இம்புட்டு அலைய மாட்டான்" என்று திட்டிக்கொண்டே சோற்றைக் கட்டிக் கொடுப்பார்.

தொண்ணூற்றேழாம் வருஷம் நடந்தது இது. எழுவர் கால்பந்து, தை மாதக் கோப்பை. நாலு பேட்டைகள், நாலு அணிகள். இரண்டு வருஷம் தொடர்ந்து கடைசியாக வருகிற அணிக்கு அப்புறம் போட்டியில் இடம் கிடையாது. பழங்காநத்தம் முந்தின வருஷம் கடைசி.

போட்டிக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆள் எடுப்பு நடக்கும். நாலு அணிப் பொறுப்பாளர்களும் ஆரப்பாளையம் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு லாட்ஜ் மொட்டை மாடியில் கூடுவார்கள். யார் முதலில் எடுப்பது என்று ஒரு வாரம் முன்பே சீட்டுக் குலுக்கி முடிவாகியிருக்கும். முறை வந்தவன் தட்டில் ஒரு கற்பூரக் கட்டியை ஏற்ற வேண்டும். அது அணைவதற்குள் ஆள் பெயரைச் சொல்ல வேண்டும். பெயர் சொல்லப்பட்டவன் அந்த இடத்திலேயே நடுவில் வந்து பந்தின் மேல் காலை வைக்க வேண்டும். ஆள் அங்கே இல்லையென்றால் பெயர் செல்லாது. முன்பெல்லாம் வாட்ச் பார்த்துத்தான் நடந்தது. ஆளுக்கொரு வாட்ச், ஆளுக்கொரு நேரம் என்று இரண்டு தடவை மண்டை உடைந்த பிறகுதான் கற்பூரம் வந்தது.

யோசிக்க நேரம் போதவில்லை என்றால், ஓர் அணி ஒரே ஒரு தடவை இரண்டாவது கட்டி ஏற்றச் சொல்லலாம். அதற்கு மறுகட்டி என்று பேர். ஆனால் ஏழு வருஷத்தில் ஒருத்தரும் மறுகட்டி கேட்டதில்லை. கேட்டால் ஆள் கிடைக்காமல் அலைகிறவன் என்று சிரிப்பார்கள்.

அந்த வருஷம் சீட்டில் முதல் முறை பழங்காநத்தத்துக்கு. இரண்டாவது ஆரப்பாளையத்துக்கு.

முந்தின நாளே சங்கிலி பட்டறைக்கு வந்து சொல்லியிருந்தார்.

"அண்ணே, எங்கூருப் பக்கம் முத்திருளன்னு ஒருத்தன். செங்கச் சூளையில லாரிக்கு லோடு ஏத்துறான். கீழருந்து நாலு நாலு செங்கலா எறியிறாங்க, மேல நின்னு ஒண்ணு தவறாம புடிக்கிறான். கண்மாய்ல கோல் காக்குற கோலியா நிக்கிறதப் பாத்தேன். அவனத் தாண்டி பந்து போகாதுண்ணே."

"கோலிய எவன்டா முதல்ல எடுப்பான்? வெங்கடேஷ்பாபு இருக்கான். போன வருஷம் பதினோரு கோல் போட்டவன்."

"நம்ம தோத்தது கோல் போடாததாலயா? வாங்கினதாலண்ணே. இவன முதல்லயே எடுத்துருங்க. ஒரு தடவ பாத்தா எவனும் விடமாட்டான். நானே போயி கூட்டியாரேன். நாலு மணிக்கெல்லாம் வந்துருவோம்."

வெள்ளைத்துரை சரி என்றார். அரை மனசுதான்.

ஞாயிற்றுக்கிழமை நாலரை ஆயிற்று. சங்கிலியைக் காணோம். செக்கானூரணியில் பஸ் டயர் வெடித்து நின்றது யாருக்குத் தெரியும்? வெள்ளைத்துரை மாடியின் கைப்பிடிச் சுவர் ஓரம் நின்று, கீழே வருகிற பஸ்களையெல்லாம் எட்டிப் பார்த்தார். தேனி பஸ் வந்தது. போடி பஸ் வந்தது. இவர்கள் இறங்கவில்லை.

"என்ன அண்ணே, ஆள் எடுக்க வந்தீகளா, பஸ்ஸுக்கு டைம் எழுத வந்தீகளா?" என்றார் ஆரப்பாளையம் பொறுப்பாளர் இம்மானுவேல். மாடி முழுக்கச் சிரிப்பு.

வேறு வழியில்லை. வெள்ளைத்துரை கற்பூரத்தை ஏற்றினார்.

காற்று அன்றைக்கென்று பலமாக அடித்தது. சுடர் ஒரு பக்கமாகச் சாய்ந்து வேகவேகமாகத் தின்றது. எதிரே வெங்கடேஷ்பாபு புது பூட்ஸ் போட்டுக்கொண்டு, கூப்பிடுவதற்கு முன்பே ஒரு காலை முன்னால் வைத்து நின்றான். "பாபு! பாபு!" என்று ஒரு கூட்டம் கத்தியது.

வெள்ளைத்துரை இன்னொரு தடவை கீழே பார்த்தார். உசிலம்பட்டி பஸ் முக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. படிக்கட்டில் தொங்கியபடி ஒரு ஆள் துண்டை வீசினார். சுண்ணாம்புக் கறை பிடித்த துண்டு. சங்கிலிதான்.

கட்டி கடலைப்பருப்பு அளவுக்கு வந்துவிட்டது. பஸ் நின்று, சாலையைக் கடந்து, மூன்று மாடி ஏறி வர அது போதாது. மறுகட்டி கேட்டால் போதும், தாராளமாக நேரம் இருந்தது. வாய் வரைக்கும் வந்தது வார்த்தை.

"மறுகட்டி வேணுமாண்ணே? வேணும்னா சொல்லுங்க, வாங்கிட்டு வரச் சொல்றேன்" என்று இம்மானுவேல் பல்லைக் காட்டினார்.

வெள்ளைத்துரை சாலைப் பக்கமிருந்து முகத்தைத் திருப்பினார்.

"வெங்கடேஷ்பாபு!"

அவன் வந்து பந்தின் மேல் காலை வைத்தான். கற்பூரம் அணைந்தது. ஆரப்பாளையம் தன் கட்டியை ஏற்றவும், சங்கிலி மூச்சிரைக்க மாடிக்கு வரவும் சரியாக இருந்தது. பின்னால் செருப்பில்லாத கால்களோடு முத்திருளன்.

"எடுத்தாச்சு" என்றார் வெள்ளைத்துரை.

"யார?"

"பாபுவ. நீ வந்தது தெரியல. கற்பூரம் அணஞ்சிருச்சு."

சங்கிலி வெள்ளைத்துரையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். இம்மானுவேல் அந்தப் பார்வையைப் பார்த்தார். பிறகு முத்திருளனின் கைகளைப் பார்த்தார். ஒவ்வொன்றும் முறம் மாதிரி.

"சங்கிலி அண்ணன் பஸ் ஏறிப் போயி கூட்டியாந்த ஆளுன்னா சும்மாவா இருப்பான்? ஏம்ப்பா, உன் பேரென்ன?"

பெயரைச் சொன்னான். அடுத்த நிமிஷம் அவன் ஆரப்பாளையத்து ஆள்.

கடைசி ஆட்டம் இந்த இரண்டு அணிகளுக்கும். ஜெயித்தால் பழங்காநத்தம் தப்பிக்கும், இல்லையென்றால் வெளியே. சங்கிலி வழக்கம்போலக் கோடு போட்டார், கம்பத்துக்கு வெள்ளையடித்தார். விசில் ஊதியதும் நேரே போய் ஆரப்பாளையத்துக் கோலுக்குப் பின்னால் நின்றார். வெங்கடேஷ்பாபு குறையாக ஆடவில்லை. ஏழு தடவை கோலைப் பார்த்து அடித்தான். ஏழையும் முத்திருளன் செங்கல் மாதிரிப் பிடித்துக் கீழே வைத்தான். ஒவ்வொரு தடவையும் பின்னாலிருந்து சங்கிலியின் கைதட்டல் கேட்டது. பழங்காநத்தத்துக் கோலி விட்டது ஒன்றே ஒன்று. அதுவே போதுமாக இருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச்சில்லை. இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. டீக்கடையில் ஒருத்தர் இருந்தால் மற்றவர் அடுத்த கடைக்குப் போவார். வெளியே போன அணிக்குத் திரும்ப இடம் கிடைக்க எட்டு வருஷம் ஆயிற்று. கிடைத்த முதல் வருஷமே மறுபடியும் கடைசி.

இந்த வருஷ ஆள் எடுப்புக்கு நாலு நாள் இருக்கும்போது சோணையம்மாள் பட்டறை வாசலில் வந்து நின்றார்.

"அண்ணே, அவுக உங்கள ஒரு எட்டு வந்துட்டுப் போகச் சொன்னாக."

"எதுக்காம்?"

"கேட்டா சொல்ல மாட்டேங்கிறாக. சுண்ணாம்புத் தூசி நெஞ்செல்லாம் அடைச்சிருச்சுன்னு டாக்டர் கைய விரிச்சிட்டாரு."

வெள்ளைத்துரை மெஷினை நிறுத்தினார். கையைக்கூடத் துடைக்காமல் போனார்.

சங்கிலி சுவரில் சாய்த்து உட்கார வைக்கப்பட்டிருந்தார். பாதி ஆளாகப் போயிருந்தார்.

"வாங்கண்ணே. அந்த டப்பா மேல உக்காராதீங்க, பெயிண்ட் காயல."

வெள்ளைத்துரை நின்றுகொண்டே கேட்டார். ஒன்பது வருஷமாக வைத்திருந்த கேள்வி, கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அன்னைக்கு நீ ஏன்டா அவனுக போஸ்ட்டுக்குப் பின்னாடி போய் நின்ன?"

சங்கிலி இருமி முடிக்க நேரமாயிற்று.

"நீங்க ஏண்ணே பஸ்ஸப் பாத்துட்டு மூஞ்சியத் திருப்புனீங்க?"

வெள்ளைத்துரை டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"பச்சச் சட்ட போட்டிருந்தீங்க. நான் துண்ட வீசுறேன், நீங்க நேரா என்னையப் பாக்குறீங்க. தெரியலன்னீங்க. சரின்னு விட்டுட்டேன். அந்தப் பய முன்னப்பின்ன மதுரையப் பாத்தவன் இல்ல. அவங்காத்தா சீனியம்மாகிட்ட, நான் பாத்துக்கிறேன்னு சொல்லிக் கூட்டியாந்தேன். நான் பின்னாடி நிக்கலன்னா அவனுக்கு அந்தக் கூட்டத்துல யாரு இருக்கா? உங்களுக்கு எதிரா நிக்கலண்ணே. அவனுக்காக நின்னேன்."

"அன்னைக்கு நான் கேட்டிருக்கலாம்டா" என்றார் வெள்ளைத்துரை. எதைக் கேட்டிருக்கலாம் என்று சொல்லவில்லை. சங்கிலிக்குப் புரிந்தது.

"சீட்டு குலுக்கியாச்சா?"

"ஆச்சு. நமக்குத்தான் முதல்."

சங்கிலியின் கண் ஒரு கணம் பழையபடி ஆனது. பக்கத்தில் கையை ஊன்றிக் கொஞ்சம் நிமிர்ந்தார்.

"அழகுமலைன்னு ஒருத்தன். எங்கூருதேன். பேக்குல நின்னு தடுத்து ஆடுவான். ஆளப் பாத்தா ஒல்லி, நம்பாதீங்க. போன பொங்கலுக்குப் பொறவு நான் பாத்தது அவன் ஒருத்தனத்தேன். சொல்லி விட்டிருக்கேன், ஞாயித்துக்கிழம நாலு மணி பஸ்ஸுல தனியா வாரான். இறங்குன எடத்துலருந்து மாடிக்கு வழி சொல்லிருக்கேன்."

மூச்சு வாங்கியது. சோணையம்மாள் தண்ணீர் கொண்டுவந்தார். அவர் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, வெள்ளைத்துரையின் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்த கையைப் பிடித்தார்.

"பஸ் லேட்டானா மறுகட்டி கேளுங்கண்ணே. எவன் சிரிச்சாலும் கேளுங்க."