எட்டாவது முகத்துக்கு முந்திரி பர்பி

எங்கள் பிளாக்கில் பழைய குவார்ட்டர்ஸ் ஒன்றில் இளைஞர் மையம் நடத்தினார் அந்த அம்மா. நல்ல உயரம், நெற்றியோரம் மட்டும் நரை. ஞாயிறுதோறும் அங்கே கணக்குச் சொல்லித்தரப் போன நான் அவர் சிரித்துப் பார்த்ததில்லை.

மையத்தின் சுவரில் ஒரு நோட்டீஸ் இருந்தது. காப்பர் கேபிள் திருட்டு நடந்த சமயம், விசாரிக்காமலே எட்டுப் பையன்களின் படத்தைப் போட்டு ‘திருடர்கள், உஷார்’ என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஊரெல்லாம் ஒட்டியது. எல்லாம் காண்ட்ராக்ட் தொழிலாளிகளின் பிள்ளைகள். அவர்களைத் தேடிப்பிடித்துத்தான் அந்த அம்மா மையத்தையே தொடங்கியிருந்தார்.

ஒருவனுக்கு வேலை கிடைத்தால் போதும், யூனிஃபார்மோடு அவனைச் செயலாளர் வீட்டுக்குக் கூட்டிப்போய் மணி அடிப்பார். கையில் முந்திரி பர்பி. செயலாளர் ஒரு துண்டு தின்னும்வரை நகரமாட்டார்.

ஏழாவது பையனோடு நானும் போனேன். செயலாளர் தலை நிமிராமலே ஒரு துண்டைத் தின்று முடித்தார். திரும்பும்போது கேட்டேன்: “பாவம், வயசானவரு. இதோட வுட்டுடக் கூடாதாம்மா?”

“எட்டாவது படம் எம் புள்ளதாங்க. நோட்டீஸ் ஒட்டுன வாரமே மருந்தக் குடிச்சிட்டான். அவன் போட்டோவ எடுத்துக்கினு ஒருநாள் நானே போவேன். அன்னிக்கும் பர்பி உண்டு. பொட்டி காலியாவற வரைக்கும் எதிர்லயே நின்னுகினு இருப்பேன்.”

இரண்டு வருடமாகிறது. அவர் இன்னும் போகவில்லை. ஏன் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரியவில்லை. செயலாளருக்குப் புரிந்திருக்க வேண்டும். தன் வீட்டு வாசலில் இருந்த அழைப்புமணியைக் கழற்றிவிட்டார்.