பக்கத்து வீட்டுப் பொடியளின்ர விளையாட்டு

எங்கட பக்கத்து வீட்டிலை பொடியள் ஒருத்தரும் இல்லை. நோர்வேயிலை, ஒஸ்லோ நகரத்து ஸ்டோவ்னரிலை ஒன்பதாம் மாடியிலை இருந்தனாங்கள். இடப்பக்கம் ஒரு வயசுபோன நொஸ்க் மனிசி, நோர்வேக்காரி, தனிய இருந்தவ, வலப்பக்கம் லிஃப்ற். இதை ஏன் முதலே சொல்லி வைக்கிறன் எண்டா, அப்பா அண்டைக்குச் சொன்ன பொய் எவ்வளவு பெரிசு எண்டு விளங்க வேணும்.

எனக்கு அப்ப இருபத்தாறு வயசு. ஒரு முதியோர் இல்லத்திலை தாதி வேலை. வேலையாலை வந்து குளிச்சு, சாப்பிட்டிட்டு, கொம்பியூட்டருக்கு முன்னாலை இருந்திடுவன். இன்ரநெற்றிலை இருபத்தஞ்சு பேர் ஒண்டாச் சேந்து விளையாடுற விளையாட்டு. ராட்சசன், குகை, வாள், மந்திரம் எல்லாம் இருக்கு. சின்னப்பிள்ளை விளையாட்டு எண்டு சிரிக்கிறவை சிரிக்கட்டும். இருபத்தஞ்சு பேரை ஒரே நேரத்திலை ஒரே பக்கம் திருப்பிறது லேசுப்பட்ட வேலை இல்லை. அதை நான் செய்தனான். ஆர் முன்னாலை போறது, ஆர் காயப்பட்டவனைப் பாக்கிறது, எப்ப திரும்பி ஓடுறது எண்டு ஹெட்போனிலை நான் தான் சொல்லுவன். மற்ற எல்லாரும் நொஸ்க் ஆக்கள். என்னை "ஷெஃப்" எண்டு தான் கூப்பிடுவாங்கள், அவங்கட பாசையிலை மேலதிகாரி. "உண்மையான நேர்ஸ் எப்ப வருவா?" எண்டு என்னட்டையே கேக்கிற கிழவனுக்கு உடுப்பு மாத்திப்போட்டு வந்து, பின்னேரம் அந்தச் சொல்லைக் கேக்க எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ.

அவங்கள் ஒருத்தனும் என்ர முகத்தைக் கண்டதில்லை. நான் வளந்தது நோர்வேயின்ர வடக்கை, பாட்ஸ்பியோர்ட் எண்ட மீன்பிடி ஊரிலை. என்ர நொஸ்க் பாசையிலை அந்த ஊர் இழுவை அப்பிடியே இருக்கு. அதாலை வடக்கத்தை மீன்காரக் குடும்பத்துப் பெட்டை எண்டு நினைச்சிருந்தாங்கள். பொய்யும் இல்லைத்தானே. அப்பா அங்கை ஃபக்டரியிலை கன வருசம் மீன் வெட்டினவர்.

அப்பாவுக்கு எல்லாம் தெரியும். அதைத்தான் சொல்ல வாறன். ஒஸ்லோவுக்கு வந்தாப் பிறகு அவருக்கு ஒரு பெரிய ஸ்ரோரிலை பெட்டி அடுக்கிற வேலை. பின்னேரம் தேத்தண்ணிக் கோப்பையோடை வந்து, மடக்குக் கதிரையை எனக்குப் பின்னாலை விரிச்சுப்போட்டு இருப்பார். "இதென்ன பிள்ளை, ஒரே வெட்டும் கொத்தும்" எண்டு தான் தொடங்கினவர். பேந்து என்னைவிட அவருக்குத்தான் விசர் கூடினது. காயம் மாத்திற ஆளுக்குப் பரியாரி எண்டு பேரும் வைச்சிட்டார். "பரியாரியைப் பாத்துக்கொள் பிள்ளை, பரியாரி விழுந்தா எல்லாரும் முடிஞ்சுது" எண்டு பின்னாலை இருந்து சொல்லுவார். சொன்னது சரியாத்தான் இருக்கும். அவர் வேலையாலை பிந்தி வந்தா, சப்பாத்தைக் கழட்ட முதல் "இண்டைக்கு அந்த ராட்சசன் செத்ததோ?" எண்டு தான் கேள்வி. அம்மாவுக்கு இது கண்ணிலையும் காட்டக் கூடாது. "தேப்பனும் மோளும் நல்ல சோடி" எண்டு குசினிக்குள்ளை நிண்டு புறுபுறுப்பா.

அந்த முறை குளிர் தொடங்கிற நேரம் பெரிய அப்டேற் ஒண்டு வந்தது. புதுக் குகை, புது ராட்சசன். வந்ததோடை பிடிச்சுது சனியன். முதலிலை அப்டேற்றே இறங்க மாட்டன் எண்டு பாதியிலை நிண்டது. தேடிப் பாத்தா, எங்கட லைனாலை இறக்கிற அதே நேரம் அது மற்ற ஆக்களுக்கும் அனுப்பிக்கொண்டு இருந்திருக்கு. அனுப்பிறதை நிப்பாட்டி விட்டன், இறங்கீட்டுது. சரி எண்டு விளையாட வெளிக்கிட்டா, கொஞ்ச நேரத்தாலை படம் விக்கி விக்கி வருது.

இழுபடுறதிலை ரண்டு வகை இருக்கு. லைன் இழுபட்டா, இப்ப நான் அடிக்கிற அடி ஆறுதலாப் போய்ச் சேரும், ஆனா படம் வடிவா ஓடும். மெசின் இழுபட்டா படமே ஒண்டொண்டாத்தான் வரும். என்ரது ரண்டாவது. கிராஃபிக் கார்டின்ர டிரைவரைப் புதுசா மாத்தினன். நிழல், புகை, தண்ணி எல்லாத்தையும் குறைச்சுக் குறைச்சு, கடைசியிலை ராட்சசன் களிமண் பொம்மை மாதிரி வந்து நிண்டது. வைரஸ் தேடினன், மெமரியைச் சோதிச்சன். ஒண்டிலையும் பிழை இல்லை. ஆனா ஒரு விசயம் கவனிச்சன். நிப்பாட்டிப்போட்டுச் சாப்பிட்டிட்டு வந்து திருப்பிப் போட்டா, கொஞ்ச நேரம் நல்லா ஓடும். அப்ப சூடு தான் எண்டு எனக்குச் சந்தேகம். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் புதுக் குகைக்குப் போறது எண்டு எல்லாரும் நாள் வைச்சாச்சு. அண்டைக்குக் காலமை பெட்டியைத் திறந்து பாப்பம் எண்டு இருந்தனான்.

அண்டைக்குத்தான் என்னைப் பொம்பிளை பாக்க வந்தவை.

மாப்பிளையும் தாயும். மாப்பிளைக்கு ஒஸ்லோவிலையே கொம்பியூட்டர் வேலை, படிச்ச பிள்ளை, குறிப்பும் பொருந்தீட்டுது. வேறை என்ன வேணும்? பெட்டியைத் திறக்க எங்கை நேரம், காலமை முழுக்க வாற ஆக்களுக்குப் பொரிக்க ரோல்ஸ் சுத்தினது தான் நான் கண்ட மிச்சம். அம்மா என்ர அறைக்குள்ளையும் வந்து, கொம்பியூட்டர் பெட்டிக்கு மேலை எப்பவும் போட்டு மூடுற துணியை எடுத்துப்போட்டு, லேஸ் வைச்ச புதுத் துணியாலை மூடி விட்டவ. பெட்டிக்குத் தூசி படக்கூடாதாம்.

ரண்டு பேரும் தனியக் கதைக்க வேணும், ஆனா தனிய விட்ட மாதிரியும் இருக்கக் கூடாது. எங்கட ஆக்களுக்கு இது பெரிய சிக்கல். அதுக்கு அப்பா ஒரு வழி கண்டுபிடிச்சார்.

"தம்பி, பிள்ளையின்ர கொம்பியூட்டர் கொஞ்ச நாளா இழுபடுது. ஒருக்காப் பாக்கிறியளோ?"

அறைக் கதவைத் திறந்து வைச்சபடி, மாப்பிளை கதிரையிலை இருந்தார், நான் பக்கத்திலை நிண்டன். செய்தது எல்லாத்தையும் ஒழுங்காச் சொன்னன். லைன் இல்லை, டிரைவர் இல்லை, மெமரி பாத்திட்டன், ஆற விட்டா ஓடுது, சூடு எண்டு தான் நினைக்கிறன். "ஓமோம்" எண்டார். அவர் பாத்தது என்ர முகத்தை, கேட்டது ஒண்டும் இல்லை. அதுக்குள்ளை அம்மா தேத்தண்ணி குடுக்கக் கூப்பிட்டா. போனன். தேத்தண்ணி குடுத்து, ரோல்ஸ் குடுத்து, எத்தினை மணிக்கு எழும்புவீர், சீலை உடுக்கத் தெரியுமோ எண்டு தாய் கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்லி நிக்க, அவர் கையைத் துடைச்சுக்கொண்டு வெளியிலை வந்தார்.

"இப்ப சரி அங்கிள். பெரிய கேம் ஒண்டு கிடந்து இடம் முழுக்கப் பிடிச்சுக்கொண்டு நிண்டது. அதோடை கிடந்த படங்கள், குப்பையள் எல்லாத்தையும் அழிச்சு விட்டிட்டன். ஆர் அதை விளையாடுறது?"

நான் அப்பாவைப் பாத்தன். அப்பா என்னைப் பாக்கேல்லை. ஒரு சிரிப்புச் சிரிச்சார், ஸ்ரோரிலை தன்ர முதலாளிக்குச் சிரிக்கிற சிரிப்பு.

"அது பக்கத்து வீட்டுப் பொடியள் தம்பி. இஞ்சை வந்திருந்து விளையாடுவாங்கள். பிள்ளைக்கு உதுகள் ஒண்டும் தெரியாது."

முழுப் பூசணிக்காயைச் சோத்துக்குள்ளை மறைக்கிறது எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். அண்டைக்கு நான் தான் அந்தப் பூசணிக்காய், ரோல்ஸ் தட்டோடை நடு விறாந்தையிலை நிக்கிறன். நீ ஏன் வாய்க்குள்ளை கொழுக்கட்டையோ வைச்சிருந்தனி எண்டு கேப்பியள். அந்தச் சிரிப்பைக் கண்ட பிறகு எனக்கு வாய் வரேல்லை. மாப்பிளையிலை கோவம் இல்லையெண்டு சொல்லேல்லை. கேக்காமல் மற்றாக்களின்ர சாமானிலை கை வைக்கிற ஆள். ஆனா அவர் வந்த ஆள், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போற ஆள். பரியாரியைப் பாத்துக்கொள் எண்டு சொன்ன மனிசன் அவரோ?

பின்னேரம் அவை போனவுடனை இருந்து பாத்தன். என்ர ஆள் சேர்வரிலை பத்திரமா இருந்தது. ஆனா விளையாட்டைத் திருப்பி டிஸ்கிலை இருந்து ஏத்தி, அதுக்குப் பிறகு வந்த அப்டேற் முழுவதையும் ஒண்டுக்குப் பின்னாலை ஒண்டா இறக்க வேணும். எங்கட லைனிலை அது புதன்கிழமை வரை போகும். நாங்கள் வெண்ட நாளெல்லாம் நான் பிடிச்சு வைச்ச படங்கள் போயிட்டுது. அது திரும்பி வராது.

மற்ற இருபத்திநாலு பேரும் எனக்காகப் பாத்துக்கொண்டு இருக்கிறாங்கள். என்னத்தை எழுதுறது? கலியாணம் பேச வந்தவர் அழிச்சுப்போட்டார் எண்டு எழுதேலுமோ? அந்த நேரம் இஞ்சத்தைப் பேப்பர் முழுக்கக் கட்டாயக் கலியாணக் கதை தான். உண்மையைச் சொன்னா, "உனக்கு ஆபத்து ஏதும் இல்லையோ, பொலிசுக்கு அடிக்கவோ?" எண்டு கேப்பாங்கள். அதோடை நான் ஷெஃப் இல்லை, காப்பாத்த வேண்டிய பாவப்பட்ட பெட்டை. இஞ்சையும் ஒளிக்க வேணும், அங்கையும் ஒளிக்க வேணும். கொம்பியூட்டர் பழுது, மன்னியுங்கோ எண்டு மட்டும் எழுதி அனுப்பினன்.

அவங்கள் போனாங்கள். வேறை ஒருத்தன் முன்னுக்கு நிண்டு நடத்தி, வெண்டும் போட்டாங்கள். புதன்கிழமை நான் திரும்பிப் போகேக்கை அவனை ஷெஃப் எண்டு கூப்பிட்டுக்கொண்டு இருந்தாங்கள். ஒருத்தனும் கெட்ட எண்ணத்திலை செய்யேல்லை. நான் ஹெட்போனைக் கழட்டி மேசையிலை வைச்சன்.

அதோடை பாருங்கோ, விளையாட்டு அதே மாதிரித்தான் இழுபட்டது. பின்னை? பெட்டிக்குள்ளை இருக்கிற சூடு கேமை அழிச்சா குறையுமோ? ஆற அமர பெட்டியின்ர மூடியைக் கழட்டினன். உள்ளை விசிறி தெரியேல்லை. என்ர அறை குசினிக்கு நேர் முன்னுக்கு. அம்மா பொரிச்ச எண்ணெய்ப் புகையும் தூசியும் சேந்து, கம்பளித் துண்டு மாதிரி விசிறியிலை அப்பிப்போய்க் கிடந்தது. வெளியிலை போற காத்தையும் அந்த லேஸ் துணி மறிச்சுப்போட்டுது. பல்கனிக்குக் கொண்டுபோய்ப் பழைய பல்லுத் தேய்க்கிற பிரஷ்ஷாலை சுரண்டி எடுத்தன். துணியை அலுமாரிக்குள்ளை வைச்சுப் பூட்டினன். அதுக்குப் பிறகு அது குதிரை மாதிரி ஓடினது.

அப்பா தேத்தண்ணியோடை வந்து கதிரையை விரிச்சார். ஒண்டும் நடக்காத மாதிரி. கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டு இருந்திட்டு, "இப்ப வடிவா ஓடுது பிள்ளை. தம்பி செய்தது உதவித்தான் இருக்கு" எண்டார்.

நான் திரும்பிப் பாக்கேல்லை. திரும்பினா என்னத்தைச் சொல்லியிருப்பன் எண்டு எனக்கே தெரியாது.

அடுத்த கிழமை மாப்பிளை பகுதியிலை இருந்து ரெலிபோன். அவைக்கு நல்ல விருப்பமாம். பிள்ளை அமைதியான பிள்ளையாம். அம்மா கண்ணைத் துடைச்சவ. அப்பா என்ர அறை வாசலிலை வந்து நிண்டு, "என்ன பிள்ளை, ஓம் எண்டு சொல்லட்டோ?" எண்டு கேட்டார்.

"சொல்லுங்கோ" எண்டன். "ஆனா முதல் ஒரு விசயம் சொல்ல வேணும். அந்த விளையாட்டு பக்கத்து வீட்டுப் பொடியளின்ரை இல்லை, என்ர மோளின்ரை எண்டு சொல்லுங்கோ. நானும் பின்னாலை இருந்து பாக்கிறனான் எண்டும் சொல்லுங்கோ. அதைக் கேட்டாப் பிறகும் அவைக்கு விருப்பம் எண்டா, எனக்கும் ஓம்."

"உது ஒரு கதையே பிள்ளை? ஒரு விளையாட்டுக்காக?"

"விளையாட்டுக்காக இல்லை அப்பா. நீங்கள் ஒருக்கா உண்மை சொல்லுறதைக் கேக்க வேணும்."

அவர் விறாந்தைக்குப் போய் ரெலிபோனை மடியிலை வைச்சுக்கொண்டு இருந்தார். மீன் வெட்டி விறைச்சுப்போன விரல், நம்பர் அமத்த எப்பவும் கொஞ்சம் நேரம் எடுக்கும். அண்டைக்கு இன்னும் கூட எடுத்தது. நான் கதவடியிலை நிண்டன். சொல்லுவார் எண்டு தான் நினைச்சனான். கடவுளாணை, கடைசி மட்டும் நினைச்சனான்.

"ஓம் அக்கா, நான் தான்" எண்டு மாப்பிளையின்ர தாயிட்டைச் சொன்னார். "ஒரு சிக்கல் வந்திட்டுது. குறிப்பை வேறை ஒருத்தரிட்டையும் காட்டினனாங்கள். பிள்ளைக்குச் செவ்வாய்க் குற்றம் இருக்காம். தெரிஞ்சுகொண்டு உங்கட பிள்ளையின்ர வாழ்க்கையோடை விளையாடக் கூடாது பாருங்கோ."

ரெலிபோனை வைச்சிட்டு என்னைக் கண்டார். "உனக்கு விருப்பமில்லை எண்டபடியாத்தானே" எண்டார்.

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. ஒஸ்லோவிலை எங்கட சனம் எவ்வளவு எண்டு நினைக்கிறியள்? அடுத்த கோயில் திருவிழாவுக்கு முதலே என்ர செவ்வாய் எல்லாருக்கும் தெரிஞ்சிட்டுது. அதுக்குப் பிறகு வந்த கலியாணப் பேச்சுக்கால் எல்லாம் அதிலையே முட்டி நிண்டது. என்ர குறிப்பிலை செவ்வாய் இல்லை. மோள் விளையாடுறவள் எண்டு சொல்லிறதைவிட, மோளைக் கட்டினா புரிசன் செத்துப்போவான் எண்டு சொல்லிறது அந்த மனிசனுக்குச் சுகமா இருந்தது.

அந்த ரெலிபோன் கதைச்ச அண்டைக்குப் பின்னேரம் அப்பா வந்து மடக்குக் கதிரையை எடுத்துக்கொண்டு போய்ப் பல்கனியிலை சாத்தி வைச்சவர். வீடு மாறும் வரைக்கும் அது அங்கை தான் நிண்டது.