நேராக்கிய சுவர்

திரிபுரசுந்தரிக்குக் கோணல் என்றாலே ஆகாது. கல்யாணமான புதிதில் மாமியார் வீட்டுக் காலண்டரை நேராக மாட்டுகிறேன் பேர்வழி என்று ஆணியோடு சேர்த்துக் காரையையும் பிடுங்கிக்கொண்டு வந்தவள் அவள். ரத்தத்தில் ஊறினதை என்ன செய்ய முடியும்? அப்பா ஜகதீசன் ராமச்சந்திராபுரத்துப் பெரிய தொழிற்சாலையில் இன்ஸ்பெக்‌ஷனில் இருந்தவர். கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குள் நுழைந்தால், காபி கேட்பதற்கு முன்னால் சாமி படங்கள் சாய்ந்திருக்கிறதா என்றுதான் பார்ப்பார். அந்தக் குவார்ட்டர்ஸில் வளர்ந்த பெண் வேறு எப்படி இருப்பாள்?

வாரநாளில் அவளுக்கு மாதாப்பூரில், அடுத்தவர் எழுதிய மென்பொருளில் தப்புக் கண்டுபிடிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் போதும், கேமராவையும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு பழைய நகரத்துக்குக் கிளம்பிவிடுவாள். சுண்ணாம்புக் காரைச் சுவர், வளைவு வைத்த வாசல், நடுவில் முற்றம், முற்றத்தில் காயும் துணி. இடிந்துபோன அரண்மனையெல்லாம் அவளுக்கு வேண்டாம். ஆள் குடியிருக்கிற வீடுதான் வேண்டும். "போறியே, போ. வரும்போது அந்த பேக்கரி உஸ்மானியா பிஸ்கட்டாவது வாங்கிண்டு வா" என்பான் கணவன் வெங்கட்ரமணன். அவனுடைய கலை ரசனை அவ்வளவுதான்.

அவள் பாணி ஒன்று உண்டு. ஒவ்வொரு வருஷமும் மழைக்காலம் முடிந்ததும் அதே வீடு, அதே இடம், அதே லென்ஸ். வாசலில் வீட்டுக்காரர்கள் நிற்க வேண்டும். படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து கணினியில் நிமிர்த்துவாள். கேமராவை அண்ணாந்து பிடித்தால் கட்டடம் பின்னால் சரிகிற மாதிரி தெரியும். அதைச் சரிசெய்வது இந்தத் தொழிலில் எல்லோரும் பண்ணுகிற காரியம். இவள் இன்னும் ஒரு படி மேலே போவாள். வீட்டின் மூலைச் சுவரைக் கோடாக வைத்துக்கொண்டு, அது செங்குத்தாக நிற்கும்வரை முழுப் படத்தையும் திருப்புவாள். அப்புறம் பெரிதாகப் பிரின்ட் போட்டு, ஃபிரேம் மாட்டி, அந்த வீட்டுக்கே பரிசாகக் கொடுத்துவிடுவாள். பேகம் பஜார் சாந்தம்மா அதைப் பூஜையறை வாசலிலேயே மாட்டி வைத்திருக்கிறாள்.

ஷாலிபண்டா பக்கத்துச் சந்தில் இருந்த அப்துல் ரஹீம் வீட்டுக்குத்தான் முதலில் படம் போனது. ரஹீம் கல்யாண அழைப்பிதழ் அச்சடிக்கிறவர், வாய் நிறையப் பேசுகிறவர். வருஷத்துக்கு ஒன்றாக வந்த படங்களை முன்னறையில் வரிசையாக மாட்டியிருந்தார். "பஹன், உங்க புண்ணியத்துல என் தம்பி வாயை அடைச்சேன்" என்று போன தடவை சிரித்தார். தங்கை முறை வைத்து அவளைப் பஹன் என்றுதான் கூப்பிடுவார். தம்பிக்கு வீட்டை இடித்து அபார்ட்மென்ட் கட்ட ஆசை. மூலைச் சுவர் சாய்கிறது, குடியிருக்க லாயக்கில்லை என்று அவன் வந்து நச்சரித்தபோதெல்லாம் ரஹீம் அவனை இந்தப் படங்களுக்கு முன்னால் நிறுத்துவாராம். "பாருடா, அன்னைக்கும் நேர், இன்னைக்கும் நேர். கேமரா பொய் சொல்லுமா?" திரிபுரசுந்தரிக்கு அன்று பெருமை தாங்கவில்லை. வழியெல்லாம் சிரித்துக்கொண்டே ஸ்கூட்டர் ஓட்டினாள். பாவி, அப்போதாவது அவளுக்கு உறைத்திருக்கக் கூடாதா?

இந்த ஆடியில் மாதாப்பூரில் ஒரு கண்காட்சிக்கு அவளைக் கூப்பிட்டிருந்தார்கள். ஞாயிறு காலை ரஹீம் வீட்டுப் படங்களை ஹால் தரையில் வருஷவாரியாகப் பரப்பி வைத்திருந்தாள். வெளியே நான்கு நாளாக விடாத மழை. ரிடையரான பிறகு அவளோடு வந்து தங்கியிருந்த அப்பா டம்ளரும் கையுமாக வந்து குனிந்து பார்த்தார்.

"ஏம்மா சுந்தரி, இந்தக் கரண்ட் கம்பம் என்ன இப்படிச் சாயறது?"

"எந்தக் கம்பம்ப்பா?"

"வீட்டை ஒட்டி நிக்கறதே. முதல் படத்துல நேரா இருக்கு. அடுத்ததுல கொஞ்சம் இடதுபக்கம். கடைசிப் படத்துல பாரு, குடிச்சவன் மாதிரி நிக்கறது."

அவள் குனிந்தாள். கம்பம் வருஷத்துக்கு வருஷம் இடது பக்கம் சரிந்துகொண்டே வந்திருந்தது. ஆனால் நேரில் அந்தக் கம்பம் அவளுக்கு நன்றாகத் தெரியும். அதில் சாய்ந்து நின்றுகொண்டுதான் லென்ஸ் மாற்றுவாள். சிமென்ட் கம்பம், நிமிர்ந்து நிற்கும்.

கம்பம் சாயவில்லை என்றால் எது சாய்ந்தது?

ஓடிப்போய்க் கணினியைத் திறந்து, அவள் கை படாத மூலப் படங்களை வரிசையாக எடுத்தாள். எல்லாவற்றிலும் கம்பம் நேர். சுவர்தான் வருஷாவருஷம் வலது பக்கச் சந்துக்குள் தள்ளிக்கொண்டே போயிருந்தது. கடைசிப் படத்தில் மூலை அடியில் வயிறு தள்ளிக் கிடந்தது. அத்தனை வருஷமும் அதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். பார்த்துப் பார்த்து, அழகாக நிமிர்த்தி, ஃபிரேம் போட்டுக் கொடுத்திருக்கிறாள்.

ஜகதீசன் திரையைப் பார்த்தார். அவர் முகம் மாறிவிட்டது. "அந்த மூலையில யார் படுக்கறா?" என்று கேட்டார்.

ரஹீமின் பெண் நஸ்ரீன். பிரசவத்துக்கு வந்தவள், போன வாரம்தான் ஆண் குழந்தை பிறந்தது. வாட்ஸ்அப்பில் படம்கூட வந்தது.

மழையோடு மழையாக ஆட்டோ பிடித்துப் போனாள். போன் செய்தால் ரஹீம் சிரிப்பார் என்று தெரியும், அதனால்தான் நேரில். சந்து முழுக்கக் கணுக்கால் தண்ணீர். அது சுவரின் அடியில் போய் மோதிக்கொண்டிருந்தது. ரஹீமும் மனைவி மெஹருன்னிசாவும் முன்னறையில் இருந்தார்கள். நனைந்த துப்பட்டாவோடு திரிபுரசுந்தரி போனில் மூலப் படங்களைக் காட்டினாள். ரஹீம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு சுவரில் மாட்டியிருந்த படங்களைப் பார்த்தார்.

"நக்கோ பஹன், இருக்காது. உங்க கை சாஞ்சிருக்கும்."

"அப்ப கம்பமும் சாஞ்சிருக்கணுமே, பாய். வாசல்ல வந்து பாருங்க."

"கரண்ட்காரங்க கம்பத்தை மாத்தியிருப்பாங்க." அவர் குரல் ஏறியது. "கேமரா பொய் சொல்லாதுன்னு நாலு பேர் முன்னாடி நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன்."

"கேமரா சொல்லலை பாய். நான்தான் பொய் சொன்னேன்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என் தம்பி உங்களை வந்து பார்த்தானா?"

அந்தக் கேள்வி அவளைச் சுருக்கென்று குத்தியது. இத்தனை வருஷம் அவள் கொடுத்த படத்தை முத்தம் கொடுத்து வாங்கியவர் இவர். அழுகை வந்தது. அழுது ஆகப்போவது என்ன? மெஹருன்னிசாதான் மெதுவாகச் சொன்னாள்: "குழந்தை பெத்தவ சில்லா முடியாம வாசப்படி தாண்டக் கூடாது. நாப்பது நாள் ஆகணும். இந்த மழையில பச்சைப் பிள்ளையைத் தூக்கிட்டு எங்க போறது?"

திரிபுரசுந்தரி நேராக மூலை அறைக்குப் போனாள். நஸ்ரீன் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு திடுக்கிட்டுப் பார்த்தாள். "நீ பின்னாடி சமையலறைக்குப் போம்மா" என்று அவளை அனுப்பிவிட்டு, சுவரை ஒட்டியிருந்த கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சுவரிலிருந்து பொடி உதிர்ந்துகொண்டிருந்தது.

"சுவர் நேராத்தானே இருக்கு? நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன். மழை விடட்டும்."

"எழுந்திரிங்க பஹன்."

"எதுக்கு?"

"நீங்க மெஹ்மான். விருந்தாளி இங்க..." ரஹீம் அத்தோடு நிறுத்திவிட்டார்.

"இங்க என்ன பாய்?"

மெஹருன்னிசா புருஷனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அந்த அறைக் கதவைத் தொட்டாள். கதவின் மேல்பக்கம் இழைத்து இழைத்துக் கோணலாகத் தேய்ந்திருந்தது.

"மழையில மரம் ஊதிப்போச்சுன்னு வருஷாவருஷம் இதை இழைச்சீங்களே. மரமா ஊதிச்சு?"

ரஹீம் தலையைக் குனிந்துகொண்டார். "ஹவ்" என்றார். "ஆமா, தெரியும். படத்தைப் பாத்தா தைரியமா இருந்துச்சு."

"சில்லாவாவது கில்லாவாவது" என்றாள் மெஹருன்னிசா. பிள்ளையைப் போர்வையில் சுற்றித் தானே தூக்கிக்கொண்டாள். ஆட்டோ வாசலிலேயே நின்றது. நஸ்ரீன் அழுதுகொண்டே படி தாண்டினாள். எல்லோரும் மெஹருன்னிசாவின் அண்ணன் வீட்டுக்குப் போனார்கள். ரஹீம் வாசலைப் பூட்டிவிட்டுக் கடைசியாக வந்தார்.

மறுநாள் முற்பகல் ஆபீஸில் இருந்தபோது போன் வந்தது. மூலை மொத்தமாக விழுந்துவிட்டது. கட்டில் இருந்த இடத்தில் கல்லும் மண்ணும். ஓர் உயிருக்கும் சேதமில்லை. ரஹீம் போனில் குழந்தை மாதிரி அழுதார். தம்பியைப் பற்றிக் கேட்டதற்கு மன்னிப்புக் கேட்டார். திரிபுரசுந்தரி அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தாள்.

அப்போது மெஹருன்னிசா போனை வாங்கினாள்.

"பஹன், ஒண்ணு கேட்கணும். இந்த மாதிரி படம் இன்னும் எத்தனை வீட்டுல மாட்டியிருக்கீங்க?"

திரிபுரசுந்தரி எண்ணிப் பார்த்தாள். ஒரு வீடா, இரண்டு வீடா? எந்த வீட்டுச் சுவரைத்தான் அவள் நிமிர்த்தாமல் விட்டாள்? எந்த வீட்டில் அவள் கம்பத்தைப் பார்த்தாள்? கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே மாதாப்பூர் கட்டடங்கள் மழையில் கரைந்து தெரிந்தன.

போனை வைத்துவிட்டுப் பேகம் பஜார் சாந்தம்மாவின் எண்ணைத் தேடி அழுத்தினாள். வயசானவள், தனியாக இருப்பவள், எப்போதும் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், முதல் மணியிலேயே எடுத்துவிடுவாள்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. தானாக நின்றது. மறுபடி அழுத்தினாள்.