ஒன்பதாவது மாடிச் சீட்டு

ஒருவரை மனிதராக நடத்துவதை மூன்று மணி நேர வகுப்பில் சொல்லிக்கொடுத்துவிடலாம் என்று நீங்கள் நம்புகிறீர்களா? இந்தப் பயிற்சியாளர் நம்பினார். ஒன்பது வருடமாக அதுதான் அவர் தொழில்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே இரண்டு அறைகள். ஒன்றில் மேசை, கணினி, மடக்கு நாற்காலிகள்; மற்றதில் பெட்டி பெட்டியாகப் பேனாவும் வெள்ளைச் சீட்டும். முன்பு ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தார்; பிரசவ விடுப்பு முடிந்து அங்கே திரும்பிய அன்று, தன் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். அந்தக் கோபத்தில் தொடங்கியதுதான் இந்த நிறுவனம். பெரிய அலுவலகங்கள் கூப்பிடும். பிறப்பு, நிறம், பால், உடல் என்று எதையாவது காட்டி ஆளை ஒதுக்கும் பழக்கத்தைப் பற்றி இவர் போய் முகத்துக்கு நேரே பேசுவார்.

"ஊருக்கெல்லாம் சமத்துவம், வீட்ல நான் பாத்திரம் தேய்க்கணும்" என்பார் கணவர்.

"பத்து வருஷம் நான் தேய்ச்சப்ப அதுக்குப் பேரு குடும்பம். நீங்க தேய்ச்சா மட்டும் சமத்துவமா? அந்தக் குக்கரையும் சேர்த்துப் போடுங்க."

வகுப்பின் கடைசியில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. இந்த அலுவலகத்தில் தனக்கு நடந்த ஒன்றை ஒவ்வொருவரும் சீட்டில் எழுத வேண்டும். பெயர் வேண்டாம். எல்லோருக்கும் ஒரே பேனா, ஒரே சீட்டு. அவரே குலுக்கி, அவரே உரக்கப் படிப்பார். கையெழுத்து வேறு யார் கண்ணிலும் படாது. அன்றைக்கே எல்லாவற்றையும் கிழித்துவிடுவார்.

போன மாதம் ஒரு காப்பீட்டு நிறுவனம் கூப்பிட்டது. அங்கே தரை துடைப்பவர்களும் வகுப்பில் உட்கார வேண்டும் என்று பயிற்சியாளர் பிடிவாதமாகச் சொன்னார். மனிதவள மேலாளர் தலையைச் சொறிந்தார்.

"அவங்க ஏஜென்சி ஆளுங்க மேடம். நம்ம ஸ்டாஃப் இல்ல."

"நம்ம தரையைத்தானே சார் துடைக்கிறாங்க?"

ஆறு பேர் வந்தார்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். அவர்களுக்கு முன்வரிசை முழுக்கக் காலியாகவே இருந்தது.

நாற்பத்துச் சொச்சம் சீட்டுகள். பாதிக்கு மேல் குளிர்சாதனம் அதிகம், காபி மோசம். முப்பத்தெட்டாவது சீட்டை, வழக்கமான வேகத்தில் எடுத்துப் படித்தார்.

"ஒன்பதாவது மாடி வரைக்கும் வாளியோட படியேறிப் போறேன். லிஃப்ட் காலியாத்தான் போகுது. நாங்க ஏறினா நாறுதுன்னு சொல்லிட்டாங்க. எனக்கு இப்ப அஞ்சு மாசம்."

படித்து நிமிர்ந்தபோது எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பியிருந்தன. ஒன்பதாவது மாடியைத் துடைப்பவர் ஒருவர்தான். கடைசி வரிசையில் ஐந்து மாத வயிறும் ஒன்றுதான். கையெழுத்தை மறைக்கத் தெரிந்த பயிற்சியாளருக்கு, எழுதிய செய்தியே ஆளைக் காட்டிக்கொடுக்கும் என்பது தோன்றவில்லை. யாரோ கைதட்டினார். உடனே அறையே தட்டியது. அந்தப் பெண் புடவைத் தலைப்பால் வயிற்றை மூடிக்கொண்டார்.

"ரொம்ப டச்சிங் மேடம்" என்றார் மேலாளர்.

திங்கட்கிழமை சான்றிதழ்களைக் கொடுக்கப் போன பயிற்சியாளர், லிஃப்டில் ஏறாமல் படியில் ஏறினார். ஆறாவது மாடித் திருப்பத்தில் வாளியோடு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தவர் வேறொரு பெண். நேரே மேலாளரிடம் போனார்.

"ஒன்பதாவது மாடி துடைச்சவங்க எங்க சார்?"

"ஊருக்கு வெளிய ஒரு கோடவுனுக்கு மாத்திட்டாங்க. ஏஜென்சி முடிவு மேடம். அவங்க நல்லதுக்குத்தான். அங்க படியே கிடையாது."

"லிஃப்ட்?"

"அது பரிசீலனையில இருக்கு."

ஏஜென்சிக்குப் போன் செய்தார். "கம்பெனியில கேட்டாங்க, மாத்தினோம். நீங்க யாரு?" என்றது ஒரு குரல். நியாயமான கேள்வி. அவர் யார்? வகுப்பில் கேட்டதை வெளியே பேசமாட்டேன் என்று ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவர். ஊழியர்களைக் காப்பாற்றத் தானே கேட்டு வாங்கிச் சேர்த்த விதி அது.

கடைசியில் அந்தப் பெண்ணின் எண்ணைத் தேடிப் பிடித்தார்.

"ரெண்டு பஸ் அக்கா. அங்க உக்கார இடமில்ல, அவ்வளவுதான்."

"நான் எழுதிக் கேக்கிறேன்மா. மேலிடத்துக்கே எழுதறேன்."

"வேணாம். இதுவும் போயிடும். குழந்தை பொறக்கிற வரைக்குமாவது ஓட்டணும். நீங்க படிச்சப்ப நல்லாத்தான் இருந்துச்சு. நான் சொல்லி அத்தனை பேர் கேட்டது அதான் முதல் தடவை. ஆனா இனிமே யாரையும் எழுதச் சொல்லாதீங்க அக்கா."

அடுத்த வாரம் வேறொரு அலுவலகத்தில் வகுப்பு. பயிற்சியாளர் போனார், பேசினார். சீட்டுகளை வெளியே எடுக்கவில்லை. அந்த அரைமணி நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் சீக்கிரமே முடித்துவிட்டார்.

காரணம் கேட்டால் ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டும் ஏற்பாட்டுக்கு நிர்வாகம் என்று பெயர் வைத்திருக்கிறோம். இதில் விதியும் இல்லை, தலையெழுத்தும் இல்லை. அந்த மாற்றல் தாளில் கையெழுத்துப் போட்ட ஒரு மனிதர் இருக்கிறார். அவரிடம் அந்தப் பெண் கேட்டால் வேலை போகும். பயிற்சியாளர் கேட்டால், நீங்கள் யார் என்பார்கள். கேட்டாலும் எதையும் இழக்காதவர்கள், அன்று கைதட்டிய அந்த நிரந்தர ஊழியர்கள் மட்டும்தான். ஒருவர்கூடக் கேட்கவில்லை.

அப்படி ஒரு வகுப்பில் நீங்களும் உட்கார்ந்து கைதட்டியிருக்கலாம். நாளைக் காலை உங்கள் மேலாளரின் அறைக்குப் போங்கள். பக்கத்து மேசைக்காரரையும் கூட்டிக்கொண்டு போங்கள். நம் தரையைத் துடைப்பவர்கள் ஏன் படியில் ஏறுகிறார்கள், இதற்கு முன் துடைத்தவர் எங்கே என்று கேளுங்கள். பதில் வரும்வரை அந்த அறையை விட்டு வெளியே வராதீர்கள்.