தங்கையின் பொட்டும் பெட்டியின் மூலமும்

என் டைரியில் அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றரைப் பக்கம் போயிருக்கிறது. தங்கையைப் பெண் பார்க்க மதுராந்தகத்திலிருந்து வந்தார்கள். பையனும் அவளும் இரண்டு வருடமாக ஒரே ஆபீஸ் பஸ்ஸில் போய்வருபவர்கள். அவர்கள் வரையில் விஷயம் முடிந்துவிட்டது. சம்மதிக்க வேண்டியவர் பையனின் அம்மாதான். "பொண்ணு டிவியில வந்துச்சாமே, அதைப் போட்டுக் காட்டுங்க" என்று போனிலேயே சொல்லியிருந்தார்.

வேடந்தாங்கல் பறவைகளைப் பற்றி உள்ளூர் கேபிள் சேனலில் தங்கை ஆறு நிமிடம் பேசியதை செட்டாப் பாக்ஸில் பதிவு செய்து வைத்திருந்தேன். அந்தச் சேனல் இன்னும் பழைய சதுர டிவிக்குத்தான் படம் அனுப்புகிறது. எங்கள் அகல டிவியில் அது இழுபட்டு, நாரைகள் வாத்துகளாயின. தங்கை என் பெரியப்பாவானாள்.

சனிக்கிழமை முழுக்க இதோடு போயிற்று. பெட்டியின் மெனு தமிழில் இருந்தது. யார் மொழிபெயர்த்தார்களோ, 'திரை அளவு' என்பதன் கீழே மூன்று வழிகள்: நீட்டு, வெட்டு, மூலம். வெட்டு போட்டால் தலை போனது. மற்ற இரண்டில் எது சரி என்று கண்ணை நம்பாமல், படத்தை நிறுத்தி, தங்கையின் வட்டப் பொட்டை ஸ்கேலால் அளந்தேன். நீட்டில் உயரம் பதினைந்து மில்லிமீட்டர், அகலம் இருபது. மூலத்தில் இரண்டும் பதினைந்து.

"தங்கச்சி பொட்டை ஸ்கேல் வச்சு அளக்கிற அண்ணன் இந்த ஜில்லாவிலேயே நீ ஒருத்தன்தான்" என்றாள்.

மூலத்திலேயே வைத்தேன். இரு பக்கமும் கறுப்புப் பட்டை; நடுவில் தங்கை, தங்கையாகவே.

ஞாயிறு, மாலை நான்கு. கேசரி கொடுத்துப் படத்தை ஓடவிட்டேன்.

"கொஞ்சம் நிறுத்துங்க, முகத்தைப் பார்த்துக்கிறேன்" என்றார் பையனின் அம்மா.

நிறுத்தினேன். படத்தை நிறுத்தினால் திரை அளவின் பெயர் மூலையில் வரும் என்று முந்தின நாளே குறித்திருந்தேன், யோசிக்கத்தான் இல்லை. தங்கையின் தலைக்குப் பக்கத்தில், மஞ்சள் எழுத்தில்: மூலம்.

அம்மாள் கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "இன்னாங்க இது? ஜாதகத்துல ரோகிணின்னுல்ல போட்டுக்கீது?"

பெண்ணுக்கு மூல நட்சத்திரம் என்றால் மாமனாருக்கு ஆகாது என்பார்கள். பையனின் அப்பா தன் நாற்காலியை டிவியிலிருந்து சற்றுப் பின்னால் நகர்த்தினார்.

"அது நட்சத்திரம் இல்லைங்க, அளவு" என்றேன். நிரூபிக்க நீட்டை அழுத்தினேன். தங்கை பருத்தாள். பதற்றத்தில் அடுத்ததையும் அழுத்திவிட்டேன். 'வெட்டு' என்ற எழுத்து வந்தது, தலை போனது.

"ஐயய்யோ, கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணை!" அம்மாள் எழுந்தே விட்டார். அந்த நேரத்தில் ஸ்கேலை எடுத்துக் காட்டிப் பொட்டுக் கணக்கைச் சொன்னது என் தவறு.

பையன் என் கையிலிருந்து ரிமோட்டை வாங்கினார். மெனுவை ஆங்கிலத்துக்கு மாற்றி, படத்தைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்தார். மூலம் இருந்த இடத்தில் இப்போது இருந்ததை அவர் அம்மா எழுத்துக்கூட்டி வாசித்தார்: "ஒ… ரி… ஜினல்."

"ஒரிஜினல்தானா?"

"ஆமாம்மா."

சமையலறை வாசலிலிருந்து தங்கையின் குரல் வந்தது: "டூப்ளிகேட்டு இங்க காப்பி ஆத்திக்கினு கீது, அத்தை."

அத்தை என்று அவள் அழைத்தது அதுதான் முதல் தடவை. அம்மாள் மகனைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், உட்கார்ந்தார். "சர்க்கரை கம்மியாப் போடும்மா."

சம்மதம் நான்கு மணி இருபத்திரண்டு நிமிடத்துக்கு என்று டைரியில் இருக்கிறது. பையனின் அப்பா நாற்காலியைக் கடைசிவரை முன்னால் நகர்த்தவில்லை என்றும் இருக்கிறது.